பழைய வீட்டிற்கு வங்கி வாய்வழியாகச் சொல்லும் மதிப்பை நம்பி ஆப்ஷன் பணம் கொடுக்காதீர்கள்

பழுதடைந்த தரைவீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக் குடியேற எண்ணுவோர், வங்கி அதிகாரி தொலைபேசியில் சொல்லும் உத்தேச மதிப்பை மட்டும் நம்பி ஆப்ஷன் கட்டணத்தை, அதாவது குறிப்பிட்ட நாள்வரை வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் ஒதுக்கி வைக்க விற்பவருக்குத் தரும் முன்பணத்தை, செலுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு தொகையால் எங்கள் குடும்பம் 26,000 வெள்ளியை இழந்தது.

சிங்கப்பூரின் கோவன் வட்டாரத்தில் நிரந்தர உரிமையுள்ள பழைய வரிசை வீடு ஒன்று 2.6 மில்லியன் வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. கூரை ஒழுகியது, மேற்கூரைக் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன, பின்பக்கச் சமையலறை எப்போதோ நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. இவை அனைத்தையும் படம் பிடித்து, வீட்டுக்கடன் தருவதாக முன்வந்த வங்கியின் அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, மதிப்பீடு விலையை எட்டுமா என்று கேட்டோம். “தாராளமாக வரும், பக்கத்துத் தெருவில் இதைவிடக் கூடுதலாகவே விற்றிருக்கிறது” என்று அவர் தொலைபேசியில் உறுதி கூறினார். அதன் பிறகே விலையில் ஒரு விழுக்காட்டை ஆப்ஷன் கட்டணமாகக் கொடுத்தோம்.

வங்கி நியமித்த மதிப்பீட்டாளர் வந்தார், கீழ்த்தளத்தை மட்டும் சுற்றிப் பார்த்தார், மாடிக்கு ஏறாமலேயே புறப்பட்டுவிட்டார். அறிக்கையில் வந்த மதிப்பு 2.4 மில்லியன் வெள்ளி. விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் அடிப்படையில்தான் வங்கிகள் 75 விழுக்காடு வரை கடன் தருகின்றன. ஆகவே 1.95 மில்லியனாக இருக்க வேண்டிய கடன் 1.8 மில்லியனாகச் சுருங்கியது. மதிப்பைத் தாண்டிய 200,000 வெள்ளிக்கு, நம் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியைத் தொட முடியாது; அது முழுவதும் ரொக்கம். மதிப்பில் ஐந்து விழுக்காடான கட்டாய ரொக்கம் 120,000 வெள்ளியையும் சேர்த்தால், 130,000 வெள்ளி போதும் என்று திட்டமிட்டிருந்த எங்களுக்கு 320,000 வெள்ளி தேவைப்பட்டது. மதிப்பு குறைந்ததால் முத்திரை வரியும் குறையாது, ஏனெனில் அது இரண்டில் உயர்ந்த தொகைக்கே விதிக்கப்படுகிறது, 2.6 மில்லியனுக்கு 99,600 வெள்ளி.

விசாரித்தபோதுதான் நடந்தது விளங்கியது. நாங்கள் அனுப்பிய படங்களை அந்த அதிகாரி மதிப்பீட்டாளரிடம் காட்டவே இல்லை. விலையை எட்டும் என்று முதலில் சொன்னது, அதே தெருவில் புதுப்பித்து விற்கப்பட்ட வீடுகளின் விலையைப் பார்த்து மேசையில் அமர்ந்தபடி கூறியது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத பின்பக்கக் கட்டடத்தை மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்கவில்லை. அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் மதிப்பீட்டுக் கட்டணத்தை நாங்கள் செலுத்தியிருந்தும், அறிக்கை வங்கிக்கு உரியது என்று கூறி ஒரு பக்கத்தைக்கூடக் காட்ட மறுத்தார்கள். வாங்குபவரின் வாழ்நாள் சேமிப்பை முடக்கும் ஓர் எண்ணின் காரணத்தை அவரிடமே மறைப்பது நியாயமாகாது.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் வெளியாகும் விற்பனை விவரங்களிலிருந்து ஒத்த வீடுகளைத் திரட்டி மறுபரிசீலனை கோரினோம். ஒரே வரியில் மறுத்தார்கள். இன்னொரு வங்கி 2.5 மில்லியன் என மதிப்பிட்டது, ஆனால் அதன் கடன் ஒப்புதல் வருவதற்குள் ஆப்ஷனின் பதினான்கு நாள் கெடு முடிந்துவிட்டது. விற்பவர் நீட்டிப்புத் தர மறுத்ததால் கொடுத்த பணம் அவருக்கே சென்றது.

இத்தகைய வீட்டை வாங்குவோர் குறைந்தது இரண்டு வங்கிகளிடம், வீட்டின் உண்மையான நிலையைப் படங்களுடன் தெரிவித்து, அவற்றைப் பார்த்த பிறகே மதிப்பு சொல்லப்பட்டது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். நீட்டிப்புக் கட்டடம் இருந்தால், உரிமையாளரின் சம்மதத்துடன் கட்டட, கட்டுமான ஆணையத்திடமிருந்து அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பெற்றுப் பாருங்கள். தனியார் வீட்டுக்கான ஆப்ஷன் கெடு பேசி முடிவு செய்யக்கூடியது. மூன்று அல்லது நான்கு வாரம் கேளுங்கள். மதிப்பு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வந்தால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க உங்கள் வழக்கறிஞர் வழியே முயலுங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் மறுப்பார்கள், ஆயினும் பாழடைந்து நெடுநாள் விலைபோகாத வீட்டுக்காரர் இணங்கக்கூடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடுகளில் முறை வேறு. அங்கே ஆப்ஷன் பெற்ற மறு வேலை நாளுக்குள் மதிப்புக் கோரிக்கையை அனுப்ப வேண்டும். விலை முடிவாகும் முன் மதிப்பு தெரியவே தெரியாது. மதிப்பை மிஞ்சும் தொகை அங்கும் ரொக்கம்தான்; ஆனால் ஆப்ஷன் கட்டணம் அதிகபட்சம் 1,000 வெள்ளி என்பதால் இழப்பு அந்த அளவோடு நின்றுவிடும்.

வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதினோம். உத்தேச மதிப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது என்று பதில் வந்தது. அடுத்ததாக, நிதித்துறைப் பூசல்களைத் தீர்க்கும் ஃபிட்ரெக் மையத்தில் வழக்கைப் பதிவு செய்திருக்கிறோம். படங்களை அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எங்களிடம் உள்ளன. அதிகாரி அளித்த உறுதியோ தொலைபேசியில் மட்டுமே சொல்லப்பட்டது.