ஹார்ட் டிஸ்க் இடத்தில் பென் டிரைவ்

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் டக் டக்கென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. கையிலிருந்த 16 ஜிபி பென் டிரைவில் பப்பி லினக்ஸ் என்ற குட்டி இயங்குதளத்தைப் போட்டு, பயாஸில் (கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புகள்) பூட் வரிசையை மாற்றி, பென் டிரைவிலிருந்தே தொடங்க வைத்தேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது! பப்பி மொத்தமே சில நூறு எம்பிதான். தொடங்கும்போதே ராம் எனும் தற்காலிக நினைவகத்துக்குள் ஏறிவிடும், அப்புறம் பென் டிரைவை அதிகம் தொடாது. வேகத்துக்குக் காரணம் அதுதான்.

அதே பென் டிரைவில் உபுண்டு என்ற பெரிய லினக்ஸை முழுசாக நிறுவினால் கதை வேறு. பிரவுசரைத் திறந்தால் டிரைவின் விளக்கு விடாமல் சிமிட்டும், மவுஸ் உறைந்து நிற்கும். பெரிய கோப்பைப் படிப்பதில் பென் டிரைவ் மோசமில்லை. குட்டிக் குட்டிக் கோப்புகளை ஓயாமல் எழுதுவதில்தான் திணறுகிறது. யுஎஸ்பி 2.0 என்றால் நொடிக்கு 480 மெகாபிட் என்ற உச்சவரம்பு வேறு. ஃபிளாஷ் செல்கள் எத்தனை முறை எழுதினாலும் தாங்கும் என்றில்லை, ஆகவே அதில் ஸ்வாப் (ராம் போதாதபோது அதற்குப் பதிலாக எழுதிப் படிக்கும் இடம்) வைக்காதீர்கள்.

தினசரி வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி. இடமும் தாராளம். ஆனால் ஓடும்போது கீழே விழுந்தால் போச்சு. பென் டிரைவ் விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஒன்று, ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல நேரம் சத்தமாவது போடும். பென் டிரைவ் சொல்லாமலே போய்விடும். அதனால் பப்பியின் சேவ் ஃபைலை (என் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கோப்பு) வாரம் ஒருமுறை வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்கிறேன்.