பராமரிப்பே வேண்டாத தோட்டம் என்று சொல்லி விற்றார்கள்: செடி வைக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டைச் சுற்றியுள்ள இடத்தில் பராமரிப்பே தேவைப்படாத தோட்டம் அமைத்துத் தருகிறோம் என்று யாரேனும் உறுதி கூறினால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படியோர் உறுதியின் பேரில் ஒரு தோட்ட அமைப்பு நிறுவனத்திடம் எங்கள் வீட்டு வேலையை ஒப்படைத்தோம். ஓராண்டு முடிவதற்குள் நட்ட செடிகளில் பெரும்பகுதி பட்டுப்போயிற்று. பிழைத்தவற்றில் ஒன்று மதிலைத் தாண்டிப் பக்கத்து மனைக்குள் பரவத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயரைச் சொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் வேலை செய்த முறையைத் தெரிந்துகொண்டால், அதே முறையில் உங்களிடம் வருபவரை முதல் நாளிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எங்கள் தேவையைத் தெளிவாகவே சொல்லியிருந்தோம். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், வாரத்தில் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தோட்டத்துக்குத் தர இயலாது, தண்ணீரும் குறைவாகவே செலவாக வேண்டும் என்றோம். அவர்கள் ஒப்புக்கொண்டு படங்களைக் காட்டினார்கள். ஆனால் மண்வெட்டியால் ஓரிடத்தில்கூடத் தோண்டிப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது, வீடு கட்டியபோது மிஞ்சிய சிமெண்டும் ஜல்லியும் எங்கே கொட்டப்பட்டன என்று எதையும் கேட்கவில்லை. மண்ணையும் வெயிலையும் பார்க்காமல் செடிப் பட்டியல் போடுபவர் உங்கள் தோட்டத்துக்காகப் பட்டியல் போடவில்லை, தம் நர்சரியில் இருப்பதைத் தள்ளிவிடப் போடுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

வேலை முடிந்த நாளில் தோட்டம் நிறைந்து காணப்பட்டது. அதற்குக் காரணம் செடிகளை ஒன்றோடொன்று இடிக்கும் அளவுக்கு நெருக்கி நட்டிருந்ததுதான். துராந்தா போன்ற வேலிச்செடி விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். முழு வளர்ச்சியில் அதற்குத் தேவைப்படும் இடத்தைக் கணக்கிடாமல் முழத்துக்கு இரண்டாக நட்டால், மழைக்காலம் முழுவதும் கத்தரிக்கோலும் கையுமாக நிற்க வேண்டியதாகிறது. நெருக்கத்தில் காற்றோட்டம் குறைந்து மாவுப்பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பற்றுகின்றன. செடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறவருக்கு நெருக்கி நடுவதில் லாபம் உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

முதலில் நோய்ப்பட்டது இட்லிப்பூச் செடிகள். தளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளுத்து வந்தன. தொலைபேசியில் சொன்னபோது உரம் போதவில்லை என்று கூறி, ஒரு மூட்டை உரத்தையும் எங்கள் செலவில் அனுப்பிவைத்தார்கள். ஒன்றும் மாறவில்லை. பிறகு அந்தப் பாத்தியைத் தோண்டிப் பார்த்தபோது, ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே கெட்டியான சிமெண்டுக் கட்டிகளும் உடைந்த செங்கலும் பூச்சுத் தூளும் இருந்தன. இட்லிப்பூ சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில், அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-க்கு மேல் ஏறி, மண் காரமாகிவிடும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இளம் இலைகள் மஞ்சளாவது அதனால்தான். அந்த இடத்தில் எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் பயனில்லை. கழிவை அகற்றி மண்ணை மாற்ற வேண்டும், அல்லது கார மண்ணைத் தாங்கும் வேறு செடியை வைக்க வேண்டும். இட்லிப்பூ பொதுவாக எளிதில் வளர்வது என்று பெயர் பெற்ற செடிதான். ஆகவே எந்தச் செடிக்கும் பராமரிப்பு குறைவு என்ற குணம் தனியாக இருப்பதில்லை, அது நிற்கும் மண்ணோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டியது.

இதைவிட என்னை ஆத்திரப்படுத்தியது வேறொன்று. காகிதப்பூச் செடிகளில் சில, எவ்வளவு தண்ணீர் விட்டும் வாடிக்கொண்டே இருந்தன. பட்டுப்போன ஒன்றைப் பிடுங்கியபோது அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேரைச் சுற்றி நர்சரியின் கருப்புப் பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. அடியில் இரண்டு கீறல் மட்டும் போட்டுப் பையோடு குழியில் இறக்கி மண்ணை மூடியிருக்கிறார்கள். உள்ளே வேர்கள் வெளியேற வழியின்றிப் பையின் உட்சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தன. மற்றவற்றையும் தோண்டினோம், பலவற்றில் இதே நிலைமை. பையை உரித்து நட்ட செடியிலும் இப்படிச் சுழன்ற வேரைப் பிரித்துவிடாமல் நட்டால், அது பிற்காலத்தில் தண்டையே நெரித்துவிடும். எனவே வேலையாட்கள் நடும்போது ஒருவர் கூடவே நின்று, ஒவ்வொரு பையும் உரிக்கப்படுவதைப் பார்ப்பது அவசியம். உரித்த பைகளைக் கடைசியில் எண்ணிக் காட்டச் சொல்வதிலும் தவறில்லை.

தண்ணீர் விஷயத்திலும் ஏமாற்றம்தான். சொட்டுநீர்க் குழாயும் தானியங்கி டைமரும் பொருத்தி, இனி நீங்கள் குழாயைத் தொடவே வேண்டாம் என்றார்கள். ஆனால் கற்றாழைக்கும் மருளுக்கும் இட்லிப்பூவுக்கும் புல்தரைக்கும் ஒரே குழாய், ஒரே நேரம். கற்றாழை அடிப்பகுதி அழுகிச் சரிந்தது. சில அடி தள்ளி இருந்த இட்லிப்பூ வாடியது. தேவையான தண்ணீரின் அளவைக் கொண்டு செடிகளை வகைப்படுத்தி ஒரே வகையை ஓரிடத்தில் நட வேண்டும் என்பது இன்று நேற்று வந்த யோசனையல்ல. அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் வாரியம் 1981-ஆம் ஆண்டில் ‘ஸெரிஸ்கேப்’ என்ற பெயரில் தண்ணீர்ச் சிக்கனத் தோட்ட முறையை முன்வைத்த காலத்திலிருந்து இத்துறையின் பாலபாடமாக இருந்துவருவது. குழாயில் வடிகட்டியும் பொருத்தாததால் துளைகள் உப்பும் மண்ணும் படிந்து அடைத்துக்கொண்டன. வறட்சியைத் தாங்கும் செடிக்கும் நட்ட முதல் ஓராண்டு வேர் பரவும்வரை முறையான தண்ணீர் தேவை என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் பராமரிப்பே வேண்டாம் என்ற வாக்குறுதியோடு அது ஒத்துப்போயிருக்காது.

பாத்திகளில் கருப்பு விரிப்பைப் போட்டு அதன் மேல் வெள்ளைக் கூழாங்கல் பரப்பினால் களையே முளைக்காது என்பது இன்னொரு வாக்கு. சில மாதங்கள் முளைக்காது, உண்மைதான். பிறகு கல்லிடுக்கில் தூசியும் சருகும் மக்கிச் சேர்ந்து, காற்றில் வந்த விதைகள் அதிலேயே முளைக்கின்றன. அவற்றின் வேர் விரிப்பின் இழைகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்வதால், வெறும் மண்ணில் இரண்டு விரலால் பிடுங்கக்கூடிய களையை இங்கே கத்தியால் அறுத்தெடுக்க நேர்கிறது. வெயிலில் காய்ந்த கல்லின் சூடும் செடியின் அடித்தண்டைத் தாக்குகிறது. விரிப்பையும் கல்லையும் எடுத்துவிட்டு, சருகும் மரச்சீவலும் கலந்து 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு இட்டிருக்கிறோம். அதைத் தண்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் போட வேண்டும், ஆண்டுதோறும் கொஞ்சம் சேர்க்கவும் வேண்டும். வேலை இருக்கிறது, ஆனால் அது மண்ணை வளமாக்கும் வேலை.

மதில் ஓரத்தில் தரையை மூட அவர்கள் நட்டது மஞ்சள் பூப்பூக்கும் வெடேலியா என்ற படர்செடி. தண்ணீர் விடாவிட்டாலும் வரும், வெட்டினாலும் வரும் என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்தக் குணம்தான் அதன் ஆபத்து. கணுவுக்குக் கணு வேர்விட்டு மற்ற செடிகளை மூடிவிடும் இந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அழகுக்காக நர்சரிகளில் விற்கப்படும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில் உண்டு. எங்கே போட்டாலும் வளரும் என்று ஒருவர் ஒரு செடியைப் புகழ்ந்தால், வளர வேண்டாத இடத்தில் அதை எப்படி நிறுத்துவது என்று உடனே கேளுங்கள்.

குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டி வரிசையாக அரளி வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அரளி வெயிலையும் வறட்சியையும் தாங்கும் செடி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் இலை, பூ, தண்டு, வேர் அனைத்திலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு உள்ளது. ஆடுமாடுகள் தின்று இறப்பதும் உண்டு. வீட்டில் சிறு குழந்தை இருப்பதை அவர்கள் நேரில் பார்த்தவர்கள். ஒரு சொல் எச்சரித்திருக்க வேண்டாமா?

புகார் செய்தபோது வந்த பதில் எல்லோருக்கும் வரக்கூடியதுதான்: செடி உயிருள்ள பொருள், அதற்கு உத்தரவாதம் கிடையாது, நீங்கள் சரியாகத் தண்ணீர் விடவில்லை. பிளாஸ்டிக் பையோடு எடுத்த படங்களை அனுப்பிய பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாற்றிக் கொடுப்பதாகச் சொன்ன வாக்கு எழுத்தில் இல்லாததால் வலியுறுத்த வழியில்லாமல் போயிற்று. எனவே ஒப்பந்தத்தில் ஒவ்வொரு செடியின் பெயரும் தாவரவியல் பெயரோடு, முழு வளர்ச்சியில் அதன் உயரமும் அகலமும், நடும் இடைவெளியும், நச்சுத்தன்மை உண்டா என்பதும், எத்தனை மாதத்துக்குள் பட்டுப்போனால் மாற்றித் தருவார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். வேலை முடிந்த அன்றே முழுப் பணத்தையும் கொடுக்காமல், ஒரு பகுதியைச் சில மாதங்கள் நிறுத்திவையுங்கள். அதற்கு உடன்படாதவர் தம் வேலையைத் தாமே நம்பவில்லை என்று பொருள்.

அதற்கு முன்பே நீங்களாகச் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள்; மீண்டும் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே கற்றாழை வகைகளோ காகிதப்பூவோ நிலைக்காது. குழி வெட்டும்போது சிமெண்டுக் கழிவு தட்டுப்படுகிறதா என்பதும் தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தில் யாரும் கவனிக்காமலேயே பல ஆண்டுகளாகச் செழித்து நிற்கும் செடிகளைக் குறித்துக்கொள்வது, எந்தப் படப் புத்தகத்தையும்விட நம்பகமான பட்டியலைத் தரும். பெரிய செடிகளைக் காட்டி அதிக விலை கேட்பார்கள். சிறிய, வேர் சுழலாத செடிகளே பெரும்பாலும் விரைவில் நிலைகொள்ளும்.

ஏற்கெனவே வெடேலியாவையோ அரளியையோ வைத்துவிட்டு அகற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று. அரளியை வெட்டும்போது கையுறை அணியுங்கள், வெட்டியதை எரிக்காதீர்கள். அதன் புகையும் நஞ்சு. வெடேலியாவை வேரோடு எடுத்து, வெயிலில் முழுதும் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். பச்சையாகக் கால்வாய் ஓரத்திலோ வெற்று மனையிலோ கொட்டினால், ஒரு கணுத் துண்டிலிருந்தே அங்கே அது மறுபடி வேர்விட்டுவிடும்.