சேர்ந்து எழுத எது நல்லது: டாக்ஸா, பேட்லெட்டா, கிளாஸ் நோட்புக்கா?

தொடக்கப் பள்ளிக்கு இணையக் கருவி தேடுபவர்கள் பெரும்பாலும் எல்லா வேலைக்கும் ஒன்றே போதும் என்று நினைக்கிறார்கள். ஆசிரியர்கள் கூடிப் பாடம் திட்டமிடுவது ஒரு வேலை. ஏழு வயதுக் குழந்தைகள் கூடி எழுதுவது முற்றிலும் வேறு வேலை. முன்னதற்குப் பலரும் ஒரே ஆவணத்தில் எழுதும் கூகுள் டாக்ஸ், பின்னதற்கு அவரவர் அட்டை ஒட்டும் இணையச் சுவரான பேட்லெட் என்பதுதான் என் கட்சி.

பாடக்குறிப்பு தயாரிப்பதில் டாக்ஸை மிஞ்ச ஆளில்லை. ஒரே வகுப்பின் வெவ்வேறு பிரிவு ஆசிரியர்கள் ஒரே அட்டவணையை நிரப்பலாம். பரிந்துரை முறையில் திருத்தினால், மூத்தவர் எழுதியதை இளையவர் அழிக்காமலே மாற்றம் சொல்லலாம். ஏற்பதா தள்ளுவதா என்று பிறகு பேசி முடிவு செய்துகொள்ளலாம். கூட்டத்தில் வாய் திறக்காதவர்களும் இங்கே தாராளமாகக் கருத்துச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு கோப்பை நகலெடுத்துத் தேதிகளை மாற்றினால் பாதி வேலை முடிந்தாயிற்று.

அதே டாக்ஸை வகுப்பறையில் திறந்தால் கதை வேறு. எட்டுக் குழந்தைகள் ஒரே பக்கத்தில் கதை எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஒரு குழந்தை நான்கு பத்திகளைத் தெரியாமல் தேர்வு செய்து ஒரு விசையைத் தட்டுகிறது; எல்லாம் போயிற்று. ஆசிரியர் தன் கணினியில் 'செயல்தவிர்' கொடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் அது அவரவர் செய்த மாற்றத்தை மட்டுமே திருப்பும். அழித்த குழந்தையின் திரையில்தான் அதைச் செய்ய வேண்டும். பதிப்பு வரலாற்றுக்குப் போய்ப் பழைய பக்கத்தை மீட்டாலோ, அதற்குப் பிறகு மற்ற ஏழு பேர் எழுதியது காணாமல் போகும். அப்புறம் அழுகையைச் சமாளிக்க வேண்டும்.

பேட்லெட்டில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. சுவர் பொது, அட்டை தனித்தனி. எழுதும் உரிமை மட்டும் கொடுத்தால் அடுத்தவர் அட்டையில் கை வைக்க முடியாது. எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தை குரலைப் பதிவு செய்யலாம், படம் வரைந்து ஒட்டலாம். இந்த ஒன்றுக்காகவே நான் அதன் பக்கம். ஆசிரியர் ஒப்புதல் அளித்த பிறகே அட்டை மற்றவர்களுக்குத் தெரியும்படியும் வைத்துக்கொள்ளலாம். கணக்கு இல்லாமலே எழுதலாம் என்பதும் வசதிதான். பெரும்பாலான நாடுகளில் 13 வயது ஆகாத குழந்தை தானாகக் கூகுள் கணக்கு தொடங்க முடியாது. பெற்றோரோ பள்ளியோ முன்வர வேண்டும். ஆனால் கணக்கில்லாமல் எழுதினால் யார் எழுதியது என்று தெரியாது. அட்டையின் தலைப்பில் பெயர் எழுதச் சொல்லிப் பழக்க வேண்டும். இலவசத் திட்டத்தில் சில சுவர்களுக்கு மேல் கிடைக்காது.

மைக்ரோசாஃப்டின் மின் குறிப்பேடான ஒன்நோட் கிளாஸ் நோட்புக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆசிரியர் தருவதைப் படிக்க மட்டும் ஒரு பகுதி, ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பகுதி, எல்லோரும் எழுதப் பொதுப் பகுதி என்று அமைப்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிவு, பக்கம், துணைப்பக்கம் என்று சிறு குழந்தைகள் வழி தவறிவிடுகிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஒத்துவரும். அதற்குக் கீழே பரிந்துரைக்க மாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் பருவ முடிவில் பிடிஎஃப் பிரதி எடுத்து வையுங்கள். ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய, கூடி எழுதும் தளமான விக்கிஸ்பேசஸ் 2018இல் வகுப்பறைச் சேவையை மூடியது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டுக்கு 2024 டிசம்பரோடு முடிவு வந்தது.