பள்ளி பஸ்ஸா, பொது பஸ்ஸா: சக்கர நாற்காலியோடு காலைப் பயணம்

மகளுக்கு ஒன்பது வயது, பெருமூளை வாதம். சிங்கப்பூரில் செங்காங் பேட்டையில் வீடு, சிறப்புக் கல்விப் பள்ளி மூன்று பேட்டை தள்ளி. இரண்டு வருடம் பள்ளி பஸ்ஸில் அனுப்பினோம். இந்த ஜனவரியிலிருந்து காலையில் மட்டும் நானே பொது பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். கார் பேச்சே இல்லை. கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊர் இது.

பள்ளி பஸ்ஸின் வசதி தெரிந்ததுதான். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கொண்டுபோய் விட்டால் பஸ் உதவியாளர் ஆன்ட்டி ஏற்றிக்கொள்வார், நாற்காலியை நான்கு பட்டைகளால் தரையோடு இறுக்குவார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்துக்கு உதவித்தொகையும் உண்டு.

எங்களுக்கு இடித்தது ஒன்றே ஒன்று: பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரம். முதல் நிறுத்தம் நாங்கள். 6.05க்கு ஏறினால் 7.30க்குத்தான் பள்ளி. ஒரு நாற்காலியை ஏற்றிப் பட்டை கட்ட ஐந்து நிமிடம் என்றாலும், வழியில் இன்னும் நான்கு நாற்காலிகள். வண்டி நகராமலே இருபது நிமிடம் போய்விடும். ஓட்டுநர் அங்கிளையோ ஆன்ட்டியையோ குறை சொல்ல வழியில்லை, அவசரப்படுத்தவும் கூடாது. ஆனால் இறங்கும்போது மகளின் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டிருக்கும். முதல் பாடவேளை கால் நீவுவதிலேயே கழியும்.

பொது பஸ்ஸில் அரை மணி நேரம். 2020 முடிவிலிருந்தே எல்லாப் பொது பஸ்ஸிலும் சக்கர நாற்காலி ஏறலாம். ஓட்டுநர் இறங்கி வந்து சாய்தளத்தைத் தூக்கிப் போடுவார், 'தடால்' என்று ஒரு சத்தம். முதல் வாரம் வண்டியே எங்களைத் திரும்பிப் பார்ப்பது போல எனக்குக் கூச்சம். அவளுக்கு இல்லை. நாற்காலி பின்பக்கம் பார்த்து நிற்பதால் எல்லார் முகமும் அவளுக்குத் தெரியும். சந்தைக்குப் போகும் சீனப் பாட்டி ஒருவர் தினமும் கையாட்டுவார், இவள் சிரிப்பாள். பள்ளியில் இறங்கும்போது கால் தளர்வாகவே இருக்கிறது.

சிக்கலும் உண்டு. கூட்டமான நாளில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறோம். மழை கொட்டினால் நாற்காலியோடு ஏறக்கூடிய பெரிய டாக்சி, மேக்ஸி கேப்தான், அன்று பர்ஸ் அழும். வேலையிடத்தில் 9.30க்கு வரலாம் என்று ஒப்புக்கொண்டதால்தான் என்னால் இது முடிகிறது. எட்டு மணி ஷிஃப்ட் என்றால் பேசாமல் பள்ளி பஸ்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எதிர் புளோக் அக்காவின் மகனுக்கு அதே பஸ், அதே சீட், அதே ஆன்ட்டி இருந்தால்தான் நாள் ஓடும்.

மதியம் இன்னும் பள்ளி பஸ்தான், கடைசியாக இறங்குவதும் இவள்தான். அத்தை கால் நீவ எண்ணெயைச் சூடாக்கி வைத்துக்கொண்டு கீழே போகிறார்.