ஒளிப்படம் கற்க ஆசிரியரா, போட்டிக் குழுவா?

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. அனுபவமுள்ள ஒளிப்படக் கலைஞர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துத் தனியாகக் கற்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, மாதம் ஒரு தலைப்பு வைத்து, தமக்குள் நட்பாகப் போட்டி நடத்திக்கொள்ளும் ஆர்வலர் குழுவில் சேர்ந்து பழகுவது மற்றொன்று. நான் முதலில் குழுவில் சேர்ந்தேன். பின்னர் ஈரோட்டில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்திய பெரியவர் ஒருவரிடம் தனிப்பயிற்சி பெற்றேன். குழுவையும் இன்றுவரை விடவில்லை. பணத்தையும் நேரத்தையும் இவற்றுள் ஒன்றில்தான் போட முடியும் என்ற நிலையில் இருப்பவர் கேட்டால், தனிப்பயிற்சியில் போடுங்கள் என்றே சொல்வேன்.

எளிதில் விளங்கும் வேறுபாடுகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தனிப்பயிற்சிக்குச் செலவு அதிகம்; குழுவுக்குச் சந்தாவும் பயணச் செலவும் போதும். குழுவில் தோழமை கிடைக்கும், விடியற்காலையில் தனியாகப் போகத் தயங்கும் இடங்களுக்குத் துணை கிடைக்கும், வாங்கும் முன் பிறருடைய லென்ஸைப் போட்டுப் பார்க்கவும் முடியும். அபர்ச்சர் (லென்ஸின் திறப்பளவு), ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு ஈடுசெய்கின்றன என்ற பாடத்தை இரண்டு இடங்களிலும் கற்கலாம். இணையக் காணொளிகளில் செலவில்லாமலும் கற்கலாம். இவற்றில் எதுவும் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியதன்று.

தீர்மானிப்பது ஒன்றே: நாம் தேர்ந்தெடுக்காமல் விட்ட படங்களை யார் பார்க்கிறார்கள்?

போட்டிக்கு நாம் அனுப்புவது ஒரு படம், மிஞ்சினால் நான்கு. அந்த ஒன்றை எட்டுவதற்கு முன் எடுத்த ஐம்பது, அறுபது படங்கள் வீட்டுக் கணினியிலேயே தங்கிவிடுகின்றன; பல சமயங்களில் வீடு வந்து சேரும் முன்பே அழிக்கப்பட்டும் விடுகின்றன. நடுவரின் முன்னால் இருப்பது விடை மட்டுமே. விடை தவறாக இருந்தாலும் எந்த வரியில் பிசகியது என்று கணக்கு வாத்தியார் வழியைப் பார்த்துச் சொல்வதைப்போல, எடுத்த வரிசை முழுவதையும் பார்ப்பவரால்தான் ஒருவருடைய கண் எங்கே தயங்குகிறது, கால் எங்கே நின்றுவிடுகிறது, விரல் எப்போது அவசரப்படுகிறது என்று சொல்ல முடியும். கற்கும் காலத்தில் நமக்குத் தேவையானது இந்தத் தகவல்தான். அதைத் தரும் வாய்ப்பு போட்டியின் அமைப்பிலேயே இல்லை.

என் ஆசிரியர் பிலிம் காலத்தவர். ஒரு சுருளில் எடுத்த 36 படங்களையும் ஒரே தாளில் சிறிது சிறிதாக அச்சிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் காண்டாக்ட் ஷீட் முறையில் பழகியவர். அந்தத் தாளில் எதையும் ஒளிக்க முடியாது. எடுத்த வரிசையிலேயே எல்லாம் இருக்கும். டிஜிட்டல் வந்த பிறகும் அவர் அந்த முறையைக் கைவிடவில்லை. நன்றாக வந்திருந்த நான்கைந்து படங்களை மட்டும் முதல் வாரம் எடுத்துச் சென்றபோது, “அழிச்சதெல்லாம் எங்கீங்க தம்பி?” என்றுதான் கேட்டார். மெமரி கார்டை அப்படியே கொண்டுவர வேண்டும், களத்தில் ஒரு படத்தைக்கூட அழிக்கக் கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை.

இதனால் என்ன பயன் என்பதைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையை வைத்து விளக்கலாம். சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் இந்தச் சந்தைக்கு மயிலை, காரி, செவலை எனப் பல நிறத்துக் காங்கேயம் மாடுகள் வந்து சேரும்; கேமராக்காரர்களும் திரண்டு வருவார்கள். எதிரே இருப்பது எதுவாயினும் அதை நடுச்சாம்பல் நிறம் என்றே கேமராவின் ஒளிமானி கருதும். ஆகையால் வெளிறிய மயிலை மாடு படம் நிறைய நின்றால் அது அழுக்கேறியதுபோல் மங்கிவிடும். காரி நின்றால் அதன் கறுப்பு வெளிறிவிடும். முன்னதற்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காகும் அளவு) கூட்டவும் பின்னதற்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அளவு) குறைக்கவும் வேண்டும் என்பதைக் குழுவில் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள்.

முழு வரிசையையும் பார்ப்பவர் இதற்கு அப்பால் செல்கிறார். ஒவ்வொரு கோப்பிலும் எடுத்த நேரமும் குவியத் தூரமும் ஷட்டர் வேகமும் பதிவாகியிருக்கின்றன. ஒரே நிமிடத்தில் எடுத்த இருபது படங்களும் ஒரே குவியத் தூரத்தில், ஒரே கோணத்தில், ஒரே உயரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், எடுத்தவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை, மாட்டின் கண் மட்டத்துக்குக் குனியவும் இல்லை என்று பொருள். துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் இருவரை ஒருவர் தொடர்ந்து எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருடைய லென்ஸும் அந்தத் துண்டையே நாடும். ஆனால் விலை ஏறுவதும் இறங்குவதும் தெரிவது விற்பவரின் முகத்தில். கடைசிப் படத்துக்கும் வேறோர் இடத்தில் எடுத்த அடுத்த படத்துக்கும் இடையிலுள்ள நேரத்தைப் பார்த்து, பேரம் படிவதற்கு முன்பே எடுத்தவர் அங்கிருந்து நகர்ந்துவிட்டார் என்று ஆசிரியர் கண்டுபிடிப்பார். கைகள் விலகி, இருவரும் மூச்சு விட்டு, ஒருவர் கயிற்றைக் கைமாற்றும் அந்தச் சில நொடிகள் எந்தப் படத்திலும் இல்லை என்பதை, இல்லாத படத்தை வைத்தே அவர் காட்டுவார். எடுக்கப்படாத படத்துக்கு மதிப்பெண் போட எந்த நடுவராலும் முடியாது.

ஆசிரியர் அருகில் நிற்கும்போது கிடைக்கும் பாடம் இன்னொரு வகை. இரவில் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடக்கும் மைதானங்களில் இப்போது எங்கும் எல்இடி விளக்குகள்தாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஆட்டத்தை உறையச் செய்யலாம் என்று ஷட்டர் வேகத்தை 1/500க்கு உயர்த்தினால் படத்தின் குறுக்கே பட்டைகள் விழும், அடுத்தடுத்த படங்களில் நிறமும் மாறும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் இது இன்னும் மோசம். 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பட்டைகள் மறையும், ஆனால் ஆடுபவர்களின் கைகள் கலங்கும். என் ஆசிரியர் காட்டிய வழி, கும்மியின் தாளத்தையே பயன்படுத்துவது. இரு உள்ளங்கைகளும் சேரும் கணத்திலும், திரும்பி முடிந்து அடுத்த அடி எடுக்கும் முன்பும், உடல் ஒரு கணம் நிலைத்து நிற்கிறது; பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்தக் கணத்தில் அழுத்தினால் 1/100 தாராளமாகப் போதும். இதைக் களத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, தோளைத் தட்டிச் சொன்னால்தான் கை பழகும். முடிவு அறிவித்த பிறகு வரும் விமரிசனத்தில் பழகாது.

பவானியில் ஜமக்காளம் நெய்யும் குழித்தறிக் கூடங்களிலும் அப்படித்தான். நெய்பவர் காலைக் குழிக்குள் வைத்து ஏறத்தாழத் தரை மட்டத்தில் அமர்ந்திருப்பதால், நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் விழும். தரையில் உட்கார்ந்து, வெளிச்சம் வரும் சன்னலைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, 1/15 நொடியில் நாடா ஓடும் கையை மட்டும் கலங்கவிட்டு முகத்தைக் கூர்மையாக வைத்துக்கொள்வதற்கு இடத்தேர்வும் பொறுமையும் வேண்டும். நெசவாளரிடம் முதலில் பேசிப் பழகி, அவர் வேலையின் வேகம் குறையாமல் ஒதுங்கி நிற்கும் பண்பையும் இதனோடு சேர்த்துத்தான் ஆசிரியர் கற்றுத் தந்தார். அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை.

இனி போட்டியின் பக்கம். அதற்கு என் மனத்தில் உண்மையான மதிப்பு உண்டு. மாதக் கடைசி என்று ஒரு தேதி இருப்பதாலேயே கேமராவை வெளியே எடுப்பவர்கள் பலர். ஆடிப்பெருக்கு அன்று பவானி கூடுதுறைக்குப் போன பத்துப் பேரின் படங்களை ஒரே திரையில் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, நாம் நின்ற அதே படித்துறையில் வேறொருவர் என்ன கண்டார் என்று தெரிகிறது. ஓர் ஆசிரியரால் இதைத் தர முடியாது. பெயர் மறைத்துக் காட்டப்படுவதால், நம்மை அறிந்தவரின் தயவும் அங்கே இல்லை. விதிகளைப் படிக்கும் பழக்கமும் வருகிறது. 1950இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஒளிப்படக் கூட்டமைப்பான எஃப்ஐஏபியும், அமெரிக்க ஒளிப்படச் சங்கமான பிஎஸ்ஏவும், பிரிட்டனின் ராயல் ஒளிப்படச் சங்கமான ஆர்பிஎஸ்ஸும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ‘இயற்கை’ப் பிரிவின் வரையறையை நம் குழுக்களிலும் பலர் பின்பற்றுகிறார்கள். அதன்படி படத்தில் எதையும் சேர்க்கவோ, நகர்த்தவோ, நீக்கவோ கூடாது. வளர்ப்பு விலங்குகளுக்கும் பயிரிட்ட செடிகளுக்கும் அங்கே இடமில்லை. கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் மேயும் காங்கேயம் காளையின் படம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அதைப் பொதுப் பிரிவுக்குத்தான் அனுப்ப வேண்டும். இத்தகைய கட்டுப்பாடுகள் படத்தின் நேர்மையைப் பற்றி யோசிக்க வைக்கின்றன, அது நல்லது.

ஆயினும் தொடக்கத்திலேயே போட்டியை மட்டும் நம்பியவர்களிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்திருக்கிறேன். நடுவர் ஒரு படத்தின் மீது செலவிடுவது சில நொடிகள். அந்த நொடிகளில் கண்ணைப் பறிப்பதே மேலே வருகிறது. புழுதி பறக்கப் பின்னொளியில் நிற்கும் காளை, மீனோடு எழும் மீன்கொத்தி, சுருங்கிய முகமுள்ள முதியவர் ஆகியவை மீண்டும் மீண்டும் பரிசு பெறுவதைக் கண்டு, எல்லாரும் அவற்றையே தேடிப் போகிறார்கள். ஏழு மதிப்பெண் பெற்ற படத்துக்கும் எட்டுப் பெற்றதற்கும் என்ன வேறுபாடு என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. காரணம் இல்லாமல் எண் மட்டும் கிடைத்தால், கற்பவர் காரணத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறார். அந்த ஊகம் பொதுவாக நிறத்தைக் கூட்டுவதிலும் கூர்மையை ஏற்றுவதிலும் போய் முடிகிறது.

தனிப்பயிற்சியிலும் குறை இல்லாமல் இல்லை. ஓர் ஆசிரியரின் ரசனை மாணவர் மீது படிந்துவிடும். ஸ்டூடியோவில் வளர்ந்தவர் முகத்தின் ஒளியைப் பார்ப்பார், நிலக்காட்சியில் அவ்வளவு அக்கறை காட்டமாட்டார். ஈராண்டுக்குமேல் ஒருவரிடமே இருப்பது பொதுவாக நல்லதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் பார்த்தது ஒரே ஆசிரியரைத்தான். பறவை, காட்டுயிர்ப் படங்களைப் பற்றியும் தயக்கத்தோடுதான் எழுத முடிகிறது, அதில் எனக்குப் பழக்கம் குறைவு. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்ற வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கும், 2024இல் அதைப் பெற்ற திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கும், வால்பாறைக்கும் தொடர்ந்து செல்லும் நண்பர்கள், அந்தத் துறையில் குழுவே மேல் என்கிறார்கள். எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்தக் கரையில் இறங்கும், எவ்வளவு தூரத்தில் நின்றால் அது கலையாது என்பன போன்ற கள அறிவு பலருடைய கண்களால் சேர்வது. கூடுகளை நெருங்கிப் படமெடுக்கும் ஆசையைத் தடுத்து நிறுத்துவதும் குழுவின் கட்டுப்பாடுதான். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நாட்டம் உள்ளவர்கள் என் பரிந்துரையை அந்த அளவுக்குக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியரைத் தேடுபவர்கள் அவருடைய பரிசுப் பட்டியலைவிட, ஒரு நிகழ்ச்சியில் அவர் எடுத்த படங்கள் முழுவதையும் வரிசையாகக் காட்டச் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சம்மதிப்பவர் தம் விடுபடல்களையும் வைத்துச் சொல்லித் தருவார். கேமராவை மாற்றச் சொல்லித் தொடங்குபவரைத் தவிர்க்கலாம். கைப்பேசியில் எடுத்த வரிசையை வைத்தும் இதே பாடத்தை நடத்த முடியும். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் அமர்வுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதும், வகுப்பறையைவிடச் சந்தையிலும் தறிக்கூடத்திலும் கோயில் திருவிழாவிலும் கூடுதல் நேரம் கேட்பதும் நல்லது. குழுவைத் தேடுபவர்கள், முடிவு அறிவிக்கும் நாளில் நடுவர் ஒவ்வொரு படத்தையும் பற்றி வாய்விட்டுப் பேசும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.

இரண்டுக்கும் வசதியுள்ளவர்கள் ஓர் ஏற்பாட்டைக் கடைப்பிடிக்கலாம். போட்டிக்கு அனுப்பும் படத்தை ஆசிரியர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். அதை நீங்களே தேர்ந்து அனுப்பி, முடிவு வந்த பின், நடுவர் சொன்னதையும் அந்த நாளின் முழு மெமரி கார்டையும் சேர்த்து அவரிடம் கொண்டு செல்லுங்கள். நடுவருக்குப் பிடித்தது எது, உங்களுக்குப் பிடித்தது எது, அந்த வரிசையில் இவை இரண்டையும்விட நல்ல படம் ஒன்று கவனிக்கப்படாமல் கிடந்ததா என்ற மூன்றையும் ஒரே அமர்வில் பேசிவிடலாம்.