கொரோனாக் கதைகளுக்குச் சான்றோடு பதில் சொல்லக் கற்பிக்கும் ஒரு யாழ்ப்பாண வகுப்பு: மதிப்பீடு

யாழ்ப்பாண நகரை அண்டிய தனியார் கல்வி நிலையம் ஒன்று, பகலில் உயர்தர மாணவர்களால் நிரம்பி வழியும் தனது மண்டபத்தை வார இறுதி மாலைகளில் வளர்ந்தவர்களுக்கான ஒரு குறுகிய கால வகுப்புக்கு ஒதுக்கியிருக்கிறது. கொள்ளைநோயைச் சுற்றிப் பரவிய சதிக் கதைகளை நம்புபவரோடு தர்க்கமும் சான்றும் பிசகாமல் எப்படி வாதிடுவது என்பதுதான் பாடம். ஓய்வுபெற்ற அரச வைத்தியர் ஒருவரும், நெடுங்காலம் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் கற்பித்த ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். கொரோனா ஓய்ந்த பிறகு இது எதற்கு என்று கேட்பவர்கள், 2017 முதல் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு ஏற்றப்படும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம். நோயின் பெயர்தான் மாறியிருக்கிறது.

வகுப்பின் முதுகெலும்பு, அளவையியல் ஆசிரியர் வெண்பலகையில் வரையும் மூன்று நிரல்கள். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குப் பழக்கமான காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளையே அவர் அந்த நிரல்களுக்குத் தலைப்பாக இடுகிறார். யாராவது ஒரு செய்தியைச் சொன்னால் அதில் எது கண்ணால் கண்டது, எது அதிலிருந்து ஊகித்தது, எது இன்னொருவர் சொல்லிக் கேட்டது என்று பங்குபற்றுபவர்களே பிரித்து எழுத வேண்டும். கைத்தொலைபேசியில் வந்த உண்மையான பதிவுகளை இப்படிப் பிரித்தபோது, முதல் நிரல் அநேகமாக வெறுமையாகவே கிடந்ததையும், மூன்றாவது நிரலில் "கனடாவில் வேலை செய்யும் ஒரு தாதி" போன்ற பெயரில்லாத சாட்சிகள் குவிந்ததையும் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த படி, ஒரு கூற்று உண்மையானால் வேறு எவையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பது. 5ஜி அலைகளே நோயைப் பரப்பின என்ற கதை இதிலே சீக்கிரம் முடிந்துபோகிறது. வணிக ரீதியான 5ஜி சேவை இல்லாத 2020ஆம் ஆண்டு இலங்கையில் நோய் எப்படிப் பரவியது என்ற ஒரு கேள்வி போதும். தடுப்பூசி மரபணுவை மாற்றிவிடும் என்ற கதைக்கு வைத்தியர் கூடுதல் நேரம் எடுத்தார், அது சரியும்கூட. சில கொரோனாத் தடுப்பூசிகளில் இருக்கும் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் தயாரிக்க உயிரணுவுக்குச் சொல்லும் தற்காலிகக் குறிப்பு, உயிரணுவின் கருவுக்குள் நுழைவதில்லை என்பதையும், சில நாட்களில் சிதைந்துவிடும் என்பதையும் சொன்ன பிறகு அவர் இன்னொன்றை நினைவூட்டினார். 2021 மே மாத இறுதியில் யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்கு முதலில் வந்தது சீனத் தடுப்பூசியான சினோபார்ம். அது செயலிழக்கச் செய்த வைரசைக் கொண்டு தயாரிக்கப்படுவது, 1955இல் அறிமுகமான போலியோ ஊசியின் அதே பழைய வழி. எம்ஆர்என்ஏ பற்றிய அச்சத்தை அந்த ஊசியோடு பொருத்துவதற்கு இடமே இல்லை என்பது மண்டபத்தில் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

என் கணிப்பில், எண்களைப் பற்றிய அமர்வு ஒன்றே முழுக் கட்டணத்துக்கும் ஈடாகும். "வைத்தியசாலையில் கிடப்பவர்களில் ஊசி போட்டவர்களே அதிகம்" என்ற வாதத்தை ஆசிரியர் மறுக்கவில்லை. அது உண்மையாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டு பலகைக்குப் போனார். அறுபது வயதைக் கடந்த 1,000 பேர் வாழும் ஒரு கற்பனைக் கிராமத்தில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். ஊசி போட்டவர்களில் 9 பேரும் போடாதவர்களில் 5 பேரும் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். படுக்கைகளை எண்ணினால் ஊசி போட்டவர்களே கூடுதல். ஆனால் அவர்களில் 100க்கு 1 பேரும், போடாதவர்களில் 100க்கு 5 பேரும் அங்கே போயிருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு நகராமல், ஒவ்வொருவரும் எண்களை மாற்றித் தாமே கணக்கிட்டுப் பார்க்கும்வரை அவர் காத்திருந்தார். எனக்கு முன் கதிரையில் இருந்த ஒரு வர்த்தகர், ஊரில் எல்லோருமே ஊசி போட்டிருந்தால் வைத்தியசாலையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஊசி போட்டவர்களாகத்தானே இருப்பார்கள் என்று தானாகவே கேட்டபோது பாடம் முடிந்துவிட்டது.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை எங்கள் ஊரில் சொல்லாதவர் இல்லை. அதனை நமக்குப் பிடிக்காத கருத்துக்கு மட்டும் பயன்படுத்துவதுதான் வழக்கம். ஆசிரியர் அதை இரு பக்கமும் திருப்பினார். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்தென்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்று வாங்கிய நாட்டு மருந்துப் பாணியை அப்போதைய சுகாதார அமைச்சர் பகிரங்கமாக அருந்தியதும், 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று ஏற்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். மண்டபம் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. ஒருவர் குடித்துக் குணமானதால் மருந்து பலிக்கும் என்பதும், ஒருவர் குடித்தும் நோய் வந்ததால் பலிக்காது என்பதும் ஒரே பிழைதான். பெரும்பாலானோர் எந்த மருந்தும் இல்லாமலே குணமாகும் ஒரு நோயில், குடித்த கூட்டத்தையும் குடிக்காத கூட்டத்தையும் ஒப்பிடாமல் எதையும் சொல்ல முடியாது என்றார். மலிவான மருந்துகளைக் கம்பனிகள் திட்டமிட்டு மறைத்தன என்ற வாதத்துக்கு வைத்தியர் தந்த பதிலும் இதே வகை. டெக்சாமெதசோன் எத்தனையோ காலமாகப் புழங்கும் மலிவான மருந்து. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளரின் இறப்பை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக 2020 ஜூனில் பிரித்தானியாவின் ரெக்கவரி ஆய்வு காட்டியதும், உலகெங்கும் வைத்தியசாலைகள் அதனை உடனே பயன்படுத்தத் தொடங்கின. மறைக்கும் சதி ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்கக் கூடாது.

கடைசிப் பகுதி நடித்துப் பழகுவது. பங்குபற்றிய பெண்மணி ஒருவர் பெரியம்மாவாக நடித்தார்: "தம்பி, உந்த ஊசி போட்டாப்பிறகுதான் எங்கட ஒழுங்கையிலை மூண்டு பேர் மாரடைப்பிலை செத்தவை. படிச்ச நீங்கள் ஏன் இதை மறைக்கிறியள்?" மறுபக்கம் இருந்த இளைஞர் உலக சுகாதார நிறுவனத்தின் வசனங்களை ஒப்புவிக்கத் தொடங்கவே, வைத்தியர் தடுத்தார்: "அவ கேட்டது அதில்லை." பிறகு அவரே பதில் சொல்லிக் காட்டினார்: "பெரியம்மா, ஊசி வாறதுக்கு முதல் வருசம் எங்கட ஒழுங்கையிலை மாரடைப்பிலை எத்தினை பேர் செத்தவை எண்டு ஞாபகம் இருக்கோ?" அந்தக் கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதே கடினமான பாடம். அஸ்ட்ராசெனகா வகை ஊசியால் மிக அரிதாக இரத்தக்கட்டி உண்டாவது 2021 மார்ச்சில் வெளிப்பட்டதையும், ஐரோப்பிய நாடுகள் பல அதை இடைநிறுத்தியதையும் அவர் தாமாகவே எடுத்துச் சொன்னது, எதிராளி நம்மை நம்புவதற்கு எவ்வளவு உதவும் என்பதை அந்த நடிப்பிலேயே காண முடிந்தது.

இனிக் குறைகள். வைரஸ் வூஹான் ஆய்வுகூடத்திலிருந்து தப்பியிருக்கலாம் என்ற கருத்தை 5ஜி கதையோடு ஒரே பட்டியலில் போட்டிருப்பது பெரும் பிழை. விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றியதன் பக்கமே இதுவரை கிடைத்த சான்றுகள் சாய்கின்றன; ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2025இல் வெளியிட்ட அறிக்கையில்கூட மற்ற வழி முற்றாகத் தள்ளுபடி செய்யப்படவில்லை. அது கருதல் நிரலில், முடிவு காணாத ஒன்றாக நிற்க வேண்டியது. அதனை முட்டாள்தனம் என்று ஒதுக்கினால், விபரம் தெரிந்த எதிராளி அந்த ஓட்டையின் வழியாகவே மற்ற எல்லாவற்றையும் கொண்டு வந்துவிடுவார். இந்நோய் காற்றின் வழியே பரவாது என்று 2020 மார்ச்சில் அதே நிறுவனம் அடித்துச் சொல்லிப் பின்னர் மாற்றிக்கொண்டதையும் வகுப்பு ஒரு வரியில் கடந்து போயிற்று.

இன்னும் பெரிய குறை, நம் நாட்டு உதாரணம் ஒன்றை முழுமையாக விட்டுவிட்டதுதான். கொரோனாவால் இறந்தோரின் உடல்களை எரிப்பதே கட்டாயம் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்ற வாதம் நிபுணர்களின் பெயரால் முன்வைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமோ இரண்டையும் அனுமதித்திருந்தது. 2021 பெப்ரவரியில் அந்தக் கட்டாயம் நீங்கி, இரணைதீவில் புதைக்கும் யோசனைக்கு அங்குள்ள மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து, பின்னர் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டு, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானிக்கும்வரை, முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனையை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். உரை என்னும் நிரலில் வட்ஸ்அப் தாதியை மட்டும் எழுதி, வர்த்தமானியை எழுதாமல் விடுவது அந்த அளவையையே அரைகுறையாகக் கற்பிப்பதாகும். இடைவேளையில் இதைக் கேட்டபோது, அரசியல் ஆகிவிடும் என்று ஆசிரியர் தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்கு விளங்குகிறது, ஏற்க முடியவில்லை.

கட்டணம் 1,500 ரூபா. தேநீரும் ரோல்சும் அதற்குள் அடக்கம். மண்டபத்தின் மின்விசிறிகள் பின்வரிசைக்கு எட்டாததால் நேரத்தோடு போய் முன்னால் இருப்பது நல்லது. தரப்படும் கைந்நூலில் கணக்குப் பயிற்சிகள் தெளிவாக உள்ளன, ஆனால் மேற்கோள்களுக்குத் திகதி போடப்படவில்லை. எந்த மாதத்தில் எது தெரிந்திருந்தது என்பதே பாதி வாதமாக இருக்கும் ஒரு விடயத்தில் அடுத்த பதிப்பிலாவது அதைத் திருத்த வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், ஆசிரியர்கள், குடும்பக் குழுவில் பெரியவர்களோடு தினமும் மல்லுக்கட்டும் இளையவர்கள் ஆகியோருக்குத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். விஞ்ஞானம் படித்தவர்கள் எண்களின் அமர்வுக்கும் நடிப்புப் பயிற்சிக்கும் மட்டும் போனால் போதும். அப்படித் தனியாகச் சேர்வதற்கும் பாதிக் கட்டணத்தில் இடம் தருகிறார்கள்.