எங்கள் பக்கத்து ஸ்டேஷன்: ஐந்து மார்க்கில் கட்டடத்துக்கு நாலு, வாட்டத்துக்கு ஒன்றரை

காரைக்குடிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற சின்ன ஸ்டேஷன். பேர் போடவில்லை, இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் படித்ததுமே தெரிந்துவிடும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் கண் சுவரையும் தரையையும்தான் மேயும்.

புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரைக்கு 1930-ல் மீட்டர் கேஜ் பாதை திறந்த காலத்துக் கட்டடம். சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரத்தின் மேல் மெட்ராஸ் டெரஸ் (செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்தி அடுக்கிய தளக் கூரை), வராந்தாத் தூணுக்குப் பழைய தண்டவாளத் துண்டு. டிக்கெட் ஜன்னலின் கல் விளிம்பு, காசு தேய்த்துத் தேய்த்து நடுவில் வழவழவென்று குழிந்திருக்கிறது. சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கும் உள்ளே உட்கார முடிகிறது. மேலே அப்பியிருக்கிற எமல்ஷன் பெயிண்ட்தான் கொடுமை. ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவரின் அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக உரிகிறது. வெள்ளை அடித்தால் போதாதா?

சரி, விஷயம் மட்டத்தில் இருக்கிறது. மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கி, தண்டவாள இடைவெளி 1000 மி.மீ.யிலிருந்து 1676 ஆனபோது தண்டவாளம் மட்டும் அகலவில்லை. பெட்டி உயரத்துக்குத் தக்கபடி பிளாட்பாரத்தையும் உயர்த்தினார்கள். தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மி.மீ. என்பது கணக்கு. கட்டடத்தை யார் தூக்குவது? முன்பு வராந்தாவிலிருந்து படியிறங்கி ரயிலுக்குப் போவோம், இப்போது படியேறிப் போகிறோம்.

அப்புறம் வாட்டம், அதாவது தரையின் சரிவு. தள்ளுவண்டி எதுவும் உருண்டு தண்டவாளத்தில் விழக்கூடாது என்பதற்காகப் பிளாட்பாரத்தின் வாட்டத்தை எதிர்ப்பக்கமாகத்தான் விடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழைத்தண்ணீர்? நேரே வராந்தாவுக்கு வருகிறது. ஐப்பசி அடைமழையில் போனபோது சிவப்புக் காவித் தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், வாசலில் மணல் மூட்டை. "வீட்டை விடத் தெரு உசந்தா இப்படித்தான் தம்பி" என்றார், பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி. அவருக்குத் தெரியாதா, நம் ஊர் வீடுகளை உயர்ந்த மேடை மேல் கட்டியதே தண்ணீருக்குப் பயந்துதானே.

புதிதாகப் போட்ட தகரக் கூரை ரயில் நீளத்தில் கால்வாசிக்குக்கூட வரவில்லை. நடைமேம்பாலம் நல்ல உயரம். 25,000 வோல்ட் கம்பிக்கு மேலே போக வேண்டுமே, வேறு வழியில்லை. முட்டிவலிக்காரர்கள் ரயில் எந்தப் பிளாட்பாரம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை பூட்டியிருந்தது.

பழைய கட்டடத்தை இடித்துவிடுவார்களோ என்று ஊரில் பேச்சு. இடிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, ஒரு விரிசல்கூடக் கிடையாது. பிளாட்பாரத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஓரடி அகலத்தில் வடிகால் வெட்டி, மேலே கம்பிச் சட்டம் போட்டு, தண்ணீரைப் பக்கத்து ஊருணிக்குத் திருப்பிவிடலாம். இரண்டு கொத்தனார், நாலு சித்தாள் இருந்தால் ஒரு வாரத்து வேலை.